சோட்டெரோவா, மெண்டலியா, கையால் தட்டுவதா? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆய்வு மாணவர்களுக்கு

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது இதுதான்: ரெஃபரன்ஸ் போட எதை வைத்துக்கொள்வது? புழக்கத்தில் நான்கு வழி இருக்கிறது. வேர்டில் கையால் தட்டுவது, ரெஃபரன்ஸைச் சேமித்துப் பட்டியலும் போட்டுத்தரும் மெண்டலி, சோட்டெரோ என்ற இரண்டு மென்பொருள்கள், அப்புறம் சாட்ஜிபிடியிடம் கேட்டு அப்படியே ஒட்டுவது.

கடைசியை முதலில் முடித்துவிடலாம். பென்னாகரம் வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றிப் பத்துக் கட்டுரை வேண்டும் என்று கேட்டால் பத்தும் வரும், ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் பார்க்கக் கச்சிதமாகவும் இருக்கும், ஆனால் அதில் சிலவற்றை யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். தேடுசொல் கேட்க வேண்டுமானால் பயன்படுத்துங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் பற்றி எழுதுபவருக்குத் தோத்தாபுரியும் பெங்களூராவும் ஒரே ரகம், இரண்டு பெயரிலும் தேட வேண்டும் என்று அது சொன்னால் லாபம்தான். ரெஃபரன்ஸ் மட்டும் வாங்காதீர்கள்.

கையால் தட்டுவதை யாராவது கேலி செய்தால் கண்டுகொள்ள வேண்டாம். இருபது, இருபத்தைந்து நூல்தான், அதில் பாதிக்கு மேல் தமிழ் நூல் என்றால் அதுவே வேகம். அதுவும் தமிழ்த்துறை ஆய்வேடு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்படுகிறது என்றால் கையால் தட்டுவதே சுலபம், ஏனென்றால் மென்பொருள்கள் கொடுப்பது யூனிகோடு, அந்தப் பத்தியில் அது ஒட்டாது. ஆனால் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியதும் தொல்லை ஆரம்பிக்கும். ஒரு பத்தியை நீக்குவீர்கள், பட்டியலில் அந்த நூல் அப்படியே கிடக்கும். ரெஃபரன்ஸ் எழுத ஏபிஏ (APA) முறை போதும் என்று சொன்ன நெறியாளர் கடைசி வாரத்தில் எம்எல்ஏ (MLA) முறைக்கு மாற்றச் சொல்வார். மென்பொருளில் அது ஒரு சொடுக்கு, கையால் என்றால் ஒரு ராத்திரி போகும்.

சரி, மெண்டலியா சோட்டெரோவா? மெண்டலி 2013-லிருந்து ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் கையில் இருக்கிறது. இலவசமாக 2 ஜிபி இடம் தருகிறார்கள், பிடிஎஃப் குவிப்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் பழைய டெஸ்க்டாப் பதிப்பின் தரவிறக்கத்தை 2022-இல் நிறுத்திவிட்டார்கள், வேர்டுக்குள் ரெஃபரன்ஸ் சேர்க்கும் புதிய ‘மெண்டலி சைட்’ வேர்டு 2016-க்குக் கீழே வேலை செய்யாது, கல்லூரி ஆய்வகக் கணினியில் இன்னும் 2010 ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். சோட்டெரோ ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் பிறந்த திறமூல மென்பொருள். லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் ஓடும். இலவச இடம் 300 எம்பி மட்டும். 1918-இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியர் போல ஸ்கேன் செய்த நாலைந்து பழைய நூலைப் போட்டாலே அது காலி. அதனால் கோப்பு ஒத்திசைவை அணைத்துவிட்டு நூல் விவரத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், பிடிஎஃப் பென்டிரைவில் இருக்கட்டும். என் ஓட்டு சோட்டெரோவுக்கு. அதற்கு முக்கியக் காரணம் பெயர்.

நம் ஊர்ப் பெயரைக் கண்டால் இந்த மென்பொருள்கள் எல்லாமே திணறும். செல்வம் ஆர் என்று இதழில் அச்சாகியிருந்தால் கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘ஆர், எஸ்.’ என்று பட்டியலில் போட்டுவிடும். அமைப்பின் பெயர் இன்னும் மோசம்: மத்திய நிலத்தடி நீர் வாரியம் ‘வாரியம், ம. நி. நீ.’ என்று ஒரு மனிதராகிவிடுவார். சோட்டெரோவில் ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் சின்னப் பொத்தான் இருக்கிறது, அமைப்புப் பெயர்களுக்கு அதைத் தட்டினால் போதும். ஆள் பெயரை நீங்களே பார்த்து இடம் மாற்றிப் போட வேண்டும். கூகுள் ஸ்காலரின் ‘சைட்’ பொத்தானை அப்படியே நம்பி ஒட்டுபவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எந்த மென்பொருளும் செய்யாத வேலை ஒன்று உண்டு: படிப்பது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஒரு ஆய்வேட்டை எடுத்து அதன் இரண்டாம் இயலில் இருக்கும் ரெஃபரன்ஸ்களை மூலத்தைப் பார்க்காமலே தூக்கி நம் பட்டியலில் வைக்கும் பழக்கம் இங்கே சகஜம். நம் மாவட்டத்தில் இது கூடுதல் ஆபத்து. 1965 அக்டோபர் வரை தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஆக 1990-களில் வந்த கட்டுரை ‘தருமபுரி மாவட்டம்’ என்றால் ஓசூரும் அதற்குள் அடக்கம். 2001 மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். அந்த எண்ணை இன்றைய தருமபுரியோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டால் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் விவரமான ஒரு தேர்வாளர் போதும், தீர்ந்தது கதை. ஃபுளோரைடு அளவும் அப்படியே: குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 1 மி.கி., வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. இதற்கு யாரோ எழுதிய கட்டுரையைக் காட்டாமல் தரநிலையையே காட்டுங்கள். மூலம் கிடைக்கவே இல்லையா, எந்த நூல் வழியாக எடுத்தீர்கள் என்று எழுதிவிடலாம், ஏபிஏ அதை அனுமதிக்கிறது.

அதனால் சோட்டெரோ இருந்தாலும் பக்கத்தில் ஒரு எக்செல் தாள் வையுங்கள். ஆசிரியர், ஆண்டு, ஆய்வு நடந்த இடம், அன்றைய மாவட்டம், மாதிரி எண்ணிக்கை, முடிவு, பக்க எண். ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று ஆளுக்கொரு பத்தியாக ரிவ்யூ எழுதுவதைவிட இந்தத் தாளில் ஒரே முடிவைச் சொன்னவர்களையும் முரண்பட்டவர்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது எவ்வளவோ மேல். நகல் சதவீதமும் தானாகக் குறையும். 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, துணைநூற்பட்டியல் அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று, டிடிபி கடைக்குக் கோப்பைக் கொடுக்கும் முன் சோட்டெரோ பட்டையில் இருக்கும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வேறு கோப்புக்கு வெட்டி ஒட்டும்போது மேற்கோள்கள் உடைந்துபோகலாம். கடைக்குப் போகும் பிரதியில் மட்டும் செய்யுங்கள். அழுத்திய பிறகு பட்டியல் தானாகத் திருந்தாது, வைவா முடிந்து திருத்தம் வந்தால் உங்களிடம் இருக்கும் மூலக் கோப்புதான் வேண்டும்.