டார்ட் தவளை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: லேபிள் இல்லாத கால்சியப் பொடி

நாகர்கோவிலில் ஒரு செல்லப்பிராணிக் கடையில், வெளிநாட்டுத் தவளை விட்டமின் என்று சொல்லி விற்ற பொடியால் என் தவளைகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றவை பிழைத்ததே பெரிது. நம் மாவட்டத்தில் வேறு யாராவது அதே பொடியை இப்போதும் போட்டுக்கொண்டிருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை லியூகோமெலாஸ். டார்ட் தவளை என்னும், காட்டில் தோலில் விஷம் கொண்ட சின்னத் தவளைகளில் ஒரு வகை. மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட, வெனிசுலா பக்கத்து இனம். வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்தவை. காட்டில் இவை விதவிதமான எறும்பும் சிற்றுண்ணியும் தின்னும். இவற்றின் விஷமே அந்த இரையிலிருந்துதான் வருகிறது. வளர்ப்பில் பிறந்தவற்றுக்கு விஷம் கிடையாது. வீட்டில் நாம் கொடுப்பது பறக்காத பழ ஈ. கனிந்த மட்டிப்பழத்தில் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து நானே வளர்க்கிறேன். கூடவே சிரட்டைக்கரியில் ஸ்பிரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சி. ஆனால் பழ ஈயில் கால்சியம் மிகக் குறைவு. கால்சியம், விட்டமின் டி3, விட்டமின் ஏ மூன்றும் உள்ள பொடியில் புரட்டித்தான் ஈயைப் போட வேண்டும். டி3 இல்லாவிட்டால் கால்சியம் உடம்பில் சேராது. ஏ குறைந்தால் நாக்கு வேலை செய்யாது: இரையைக் கண்டு பாயும், பிடிக்க முடியாது, மெலிந்துகொண்டே போகும்.

வழக்கமான கம்பெனிப் பொடி கிடைக்காத நேரத்தில் அந்தக் கடைக்காரர் ஜிப் கவரில் வெள்ளைப் பொடி கொடுத்தார். "பெரிய டப்பாவில் வந்ததைப் பிரித்துக் கொடுக்கிறேன், அதே சாமான்தான்" என்றார். டப்பாவைக் காட்டச் சொன்னேன். குடோனில் இருக்கிறதாம்.

சில வாரங்களில் ஒரு தவளை கண்ணெதிரே நின்ற ஈயைத் தவறவிட ஆரம்பித்தது. அப்புறம் இன்னொன்றுக்குப் பின்னங்கால் விறைத்து விரல்கள் துடித்தன. தொட்டியில் வெப்பம் 24 டிகிரிதான், தெளிப்பது மழைநீர், அதில் குறையில்லை. திருவனந்தபுரத்தில் இந்த மாதிரி உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். களியக்காவிளை தாண்டியதுமே கால் விறைத்த தவளை செத்துவிட்டது. மற்றவற்றுக்கு அவர் கால்சியம் குளுக்கோனேட்டும் விட்டமின் ஏயும் கொடுத்துத் தேற்றினார்.

அந்தப் பொடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, "இது ஈ மேல் ஒட்டவே ஒட்டாதே" என்றார். உண்மைதான். நல்ல பொடி முகப்பவுடர் மாதிரி நைசாக இருக்கும், புரட்டினால் ஈ வெள்ளையாகிவிடும். இது நறநறவென்று கப்பின் அடியில் தங்கிவிட்டது.

கடைக்குப் போய் விடாமல் கேட்டதும் கடைக்காரர் ஒத்துக்கொண்டார்: கோழித் தீவனத்தில் சேர்க்கும் சிப்பியை அரைத்த தூள். அதில் டி3யும் இல்லை, ஏயும் இல்லை. "எல்லாம் கால்சியம்தானே மக்கா" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நான் வாங்கவில்லை.

பொடியைக் கம்பெனி சீல் உடையாத டப்பாவில் மட்டும் வாங்குங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதும் காலாவதித் தேதியும் அச்சில் இருக்க வேண்டும். திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதி, 6 மாதத்தில் மாற்றிவிடுங்கள். விட்டமின்கள் வீரியம் இழந்துவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். லேபிள் இல்லாத பொடி ஏற்கெனவே கையில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், தூக்கி எறியாதீர்கள். கவரையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். நானும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன்.