மருந்து விற்க மறுத்த மருந்துக்கடை

திருகோணமலை உவர்மலையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். காலை முழுக்கப் பாட்டும் கதையும்தான் வேலை. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. 'ழ' சொல்ல நாக்கை மடித்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் எல்லோரும் கட்டைச்சம்பலோடு சாப்பிட, நான் இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து விழுங்கினேன்.

இரண்டு கிழமையாகியும் ஆறவில்லை. சந்தைப் பக்கம் இருக்கிற தமிழ் மருந்துக்கடைக்குப் போனேன். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது, ஆனால் வசம்பு வாசம் வழிகாட்டும். கடைக்கார ஐயா உடனே பொட்டலம் கட்டவில்லை. "எத்தனை நாளா இருக்கு பிள்ளை? வெற்றிலை, புகையிலை போடுறனீங்களோ? பிரஷர் இருக்கோ?" எல்லாம் கேட்ட பிறகுதான் தராசைத் தொட்டார். அதிமதுரத்தைக் கூடுதலாக விழுங்கினால் இரத்த அழுத்தம் ஏறுமாம், அதற்காகத்தான் பிரஷர் கேள்வி.

திரிபலாத் தூள் 100 கிராம், அதிமதுரத் தூள் 50 கிராம், இரண்டும் 480 ரூபா. கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்ததுதான் திரிபலா. ஒரு தேக்கரண்டித் தூளை இரண்டு கோப்பைத் தண்ணீரில் போட்டு, ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சி, துணியில் வடித்து, ஆறவிட்டு நாளுக்கு மூன்று தடவை கொப்பளிக்க வேண்டும். வடிப்பதில் சோம்பல் வேண்டாம். முதல் நாள் நான் அப்படியே வாயில் ஊற்ற, தூள் புண்ணில் ஒட்டி உயிர் போய் வந்தது. வாயில் அசைத்துக் கொப்பளிப்பது கவளம், வாய் நிறைய வைத்து அசைக்காமல் இருந்து துப்புவது கண்டூஷம் என்று ஐயா விளக்கினார். நாக்கை அசைக்கவே நோகிற எனக்குக் கண்டூஷம்தான் சரிவந்தது. கடும் துவர்ப்பு, ஆனால் துப்பிய பிறகு எரிவு அடங்கும். படுக்கப் போகுமுன் அதிமதுரத் தூளைப் பசுநெய்யில் குழைத்துப் பூசினேன். இனிப்பாக இருக்கும், நெய் புண்ணின் மேல் படிந்து பல் படாமல் காக்கும்.

மூன்றாம் நாளே சோற்றைச் சாப்பிட முடிந்தது. நோ போய்விட்டது, புண் போகவில்லை. எட்டு நாள் கழித்து இன்னும் 100 கிராம் வாங்கப் போனேன். ஐயா கையை எடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "மூன்று கிழமை தாண்டிட்டுது. இனி நான் தரமாட்டன். ஒரே இடத்தில ஆறாமல் இருக்கிற புண்ணை டொக்டர் பார்க்கவேணும்." கையில் காசோடு நின்ற ஆளைத் திருப்பி அனுப்பிய அந்த மனதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த நாளே பல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் விரலால் தடவிப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் கூர் நாக்கில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தேய்த்து மழுங்கச் செய்தார். இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில்தான் வருகிறது, பெண்களுக்கும் வரும், அதனால் மூன்று கிழமைக்கு மேல் யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். அதன்பிறகு ஒன்பது நாள் எனக்கு நித்திரையே இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது புண் இருந்த இடம் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. திரிபலாக் கொப்பளிப்பை நான் விடவில்லை, டொக்டரும் விடச் சொல்லவில்லை.

கடையில் ஒரு குறை உண்டு. பொட்டலத்தில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. இரண்டு தூளும் ஒரே மாதிரிக் கடதாசியில்தான் வரும். அதிமதுரம் எது என்று நக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வாங்கும்போதே ஒரு பேனையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஐயா தருவார். பகல் 1 மணிக்குப் பூட்டி 3 மணிக்குத்தான் திறப்பார்.