10 டாலர் சந்தாவில் ஒரு குளிர்காலம்: கென்டக்கி ஹோம்மேக்கர்ஸ் கிளப்

'ஹோம்மேக்கர்ஸ் கிளப்' என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலைக்குப் போக விசா இடம் கொடுக்கவில்லை என்ற கடுப்பில் இருப்பவளிடம் வந்து, இல்லத்தரசிகள் சங்கம் ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டால் வேறென்ன வரும்? பக்கத்து வீட்டு அம்மா விடவில்லை. "ஜனவரி முழுக்க இந்த நாலு சுவருக்குள் உட்கார்ந்திருக்கப் போகிறாயா?" என்று நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்போதிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம் போய் வந்துவிட்டேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் பக்கம் புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள், முக்கியமாகப் பகலில் வீட்டில் தனியாக இருப்பவர்கள், சேரலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: சேருங்கள், ஆனால் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள்.

நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த கிட்டி பார்ட்டி இல்லை இது. அமெரிக்காவில் 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் என்று ஒன்று வந்தது. வேளாண் பல்கலைக்கழகத்தில் தெரிந்துகொண்டதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுப்பதற்கான ஏற்பாடு. ஆண்களுக்கு வயலில் பாடம், பெண்களுக்கு அடுப்படியிலும் தையலிலும் பாடம் என்று அந்தக் காலத்துப் பாகுபாட்டோடுதான் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெண்கள் குழுக்களெல்லாம் சேர்ந்து கென்டக்கியில் மாநில அளவில் சங்கமானது 1932இல். இன்றைக்கும் மாநிலத்தின் 120 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) கென்டக்கி பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் இருக்கிறது, கிளப்புகள் அதை ஒட்டி நடக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வேளாண் விரிவாக்க மையத்தையும் மகளிர் சுய உதவிக் குழுவையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து கடனை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி. எங்கள் கிளப்பில் ஆண்டுச் சந்தா 10 டாலர்.

மாதம் ஒரு கூட்டம். சின்னதாக ஒரு ஜெபம், பிறகு வருகைப் பதிவு. இந்த வருகைப் பதிவுதான் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாது, அந்த மாதத்துக்கென்று ஒரு கேள்வி வைத்திருப்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். டிசம்பரில் கேட்டது: குளிர்காலம் என்றால் உங்கள் வீட்டில் என்ன வாசனை? ஒருவர் விறகடுப்புப் புகை என்றார், ஒருவர் லவங்கப்பட்டை, ஒருவர் ஈரக் கம்பளிக் கையுறை. நான் மிளகு ரசம் என்றேன், அப்புறம் மிளகு ரசம் என்றால் என்ன என்று விளக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒரு சங்கடமும் இருந்தது. 78 வயதுப் பாட்டியை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், இந்தத் தென்பகுதியில் அவர்களுக்கே அது வராது. வயதில் மூத்த பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், கல்யாணம் ஆகியிருந்தாலும் அதேதான். நம் 'அக்கா' மாதிரி பாதி மரியாதை, பாதி ஒட்டுதல். பிரச்சினை தீர்ந்தது.

குளிர்காலத்துக்கென்றே நடப்பவற்றில் முதலிடம் பிங்கோசைஸுக்கு. பவுலிங் கிரீனில் உள்ள வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. நம் தம்போலா மாதிரி பிங்கோ ஆட்டம், ஆனால் எண்ணைக் கூப்பிடுவதற்கு நடுவில் உடற்பயிற்சி. ரப்பர் பட்டையை இழு, குதிகாலைத் தூக்கு, அப்புறம் ஒரு எண், கட்டத்தை மூடு, மறுபடி எழுந்திரு. வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க வைத்த பயிற்சிதானே, நமக்கென்ன என்று அலட்சியமாகத்தான் போனேன். முதல் வாரமே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணச் சொன்னார்கள். எனக்கு வயது 38, நான் 13. பக்கத்தில் இருந்தவருக்கு 74, வாழ்நாள் முழுக்கப் புகையிலைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவர், 16 முறை எழுந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சியது. பரிசு என்ன தெரியுமா? ஒரு சீப்பு வாழைப்பழம். அதற்கு நடக்கும் போட்டியைப் பார்க்க வேண்டுமே!

பனிக்கட்டியில் நடக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கையைப் பாக்கெட்டில் விடாதே, சின்னச் சின்ன அடியாக வை, உடம்பின் கனம் முன்காலின் மேல் இருக்கட்டும். பென்குவின் நடை என்று பெயர், பார்க்க வாத்து நடை மாதிரிதான் இருக்கும். தார் ரோட்டில் கண்ணாடிபோலப் படியும் பனி கண்ணுக்கே தெரியாது, ஈரம் என்று நினைத்துக் காலை வைத்தால் இடுப்பு போய்விடும். இதை யாரும் எனக்கு முதல் குளிர்காலத்தில் சொல்லவில்லை. விழுந்துதான் கற்றேன்.

பாடங்களில் எனக்கு மெய்யாகவே பயன்பட்டது ரேடான். ஜனவரிப் பாடம் அதுதான் என்றதும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக இருக்கும் யுரேனியம் சிதையும்போது வருகிற வாயு, நிறம் இல்லை, மணம் இல்லை, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறி நிற்கும், அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட் புகைக்கு அடுத்த காரணம் இதுதான். கென்டக்கியில் பல இடங்களில் அடியில் சுண்ணாம்புக்கல்லும் குகையும் வெடிப்புமாக இருப்பதால் அது மேலே வர வழியும் சுலபம். சோதிக்கச் சரியான காலம் குளிர்காலம், ஏனென்றால் ஜன்னலைத் திறக்கவே மாட்டோம், உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். இலவசமாக ஒரு சோதனைப் பொட்டலம் கொடுத்தார்கள், கரித்தூள் வைத்தது. மூன்று நாள் கீழ்த்தளத்தில் வைத்து ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். காற்றில் லிட்டருக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அளவைத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. எங்கள் வாடகை வீட்டில் 6.1. வீட்டுக்காரரிடம் பேசிப் பேசி, தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயும் மின்விசிறியும் போட வைக்க மார்ச் ஆகிவிட்டது. இந்த ஒன்றுக்காக மட்டுமே அந்தப் 10 டாலரைப் பத்து வருடம் கட்டலாம்.

டிசம்பரில் பனிப்புயலுக்கு என்ன எடுத்து வைப்பது என்ற பாடம். பாடம் கொஞ்சம்தான், பேச்சுத்தான் அதிகம். 2009 ஜனவரியில் இந்த மாநிலத்தில் பனிக்கட்டி மழை பெய்து, கம்பியும் மரமும் கனம் தாங்காமல் முறிந்து, 7 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சிலருக்கு வாரக்கணக்கில் வரவில்லை. அறையில் இருந்த பாதிப் பேர் அதைக் கடந்தவர்கள். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓடவிடாதே, கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும் என்று அவர்கள் சொல்லும்போது துண்டுப் பிரசுரம் படிக்கிற மாதிரி இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் என் பெரிய புகார் அங்கேதான். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். மேசை நிறைய இருக்கும், எனக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. பீன்ஸ் கறியா, பன்றிக்கொழுப்பில் வதக்கியது. காராமணி மாதிரி மணக்க மணக்க ஒரு பயறு, அப்பாடா என்று கரண்டியை விட்டால் அடியில் ஒரு எலும்பு. கீரை, சரி, கீரையிலுமா! கீரையிலும்தான். கேட்டால் "இறைச்சி இல்லை ஹனி, வாசனைக்குத்தான்" என்பார்கள். மனசு நல்ல மனசுதான், மூன்றாவது மாதத்திலிருந்து எனக்காகத் தனியாக ஒரு பாத்திரத்தில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள், ஆனாலும் அதை நம்பி வயிற்றைக் காயப்போட்டுப் போகாதீர்கள். இதில் வேடிக்கை, அதே மேசைக்கு முன்னால்தான் உப்பைக் குறைப்பது பற்றிய பாடம் நடந்தது. ஒரு நாளைக்கு சோடியம் 2,300 மில்லிகிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. டப்பா சூப்பின் லேபிளைப் படிக்கும்போது எத்தனை பேர் அளவுக்கு என்று பார்க்க வேண்டும், ஒரு டப்பாவை ஒரே ஆள் குடித்துவிட்டுப் பாதிக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். நானும் மனதுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டேன், வீட்டுக்கு வந்து மாவடு ஜாடியையும் அப்பளக் கட்டையும் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜனவரிக் கூட்டம் பொங்கலை ஒட்டி வந்தது. எல்லாரும் செய்கிறார்களே என்று நானும் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ச் சோளப்பாகில் (மக்காச்சோளம் இல்லை, சோர்கம் என்கிற சோளம்). கென்டக்கியிலும் டென்னசியிலும் இனிப்புச் சோளத்தட்டையைக் கரும்பு மாதிரி ஆட்டி, சாற்றை அகலக் கொப்பரையில் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். நம் வெல்லப்பாகுக்குச் சொந்தக்காரப் பிள்ளை, கொஞ்சம் புளிப்பு மட்டும் கூட. அந்தப் புளிப்பால் பால் திரிந்துவிடும் என்று முதல் தடவை தெரியவில்லை, ஒரு பானை வீண். இரண்டாம் தடவை அரிசியும் பருப்பும் பாலில் குழைய வெந்து இறக்கிய பிறகு பாகை ஊற்றினேன், நெய்யும் முந்திரியும் வழக்கம்போல. கரண்டி போட்டதும் காலி. எண்பதைத் தாண்டிய ஒருவர், சின்ன வயதில் அம்மா சூடான சோற்றில் இந்தப் பாகை ஊற்றித் தருவார் என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் நான் விருந்தாளி இல்லை, உறுப்பினர் என்று தோன்றியது.

பிப்ரவரியில் கேனிங் பாத்திரங்களைச் சோதித்துக் கொடுத்தார்கள். கோடையில் விளைவதைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு. பீன்ஸ் மாதிரிப் புளிப்பில்லாத காய் என்றால் வெறும் கொதிநீர் போதாது, அழுத்தத்தில் சூட்டை 116 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினால்தான் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சாகும். நான் பெருமையாக என் ஐந்து லிட்டர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனேன். விசிலைப் பார்த்து அத்தனை பேரும் கூடிவிட்டார்கள், ஆனால் விரிவாக்க அலுவலர் அம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்: குவார்ட் அளவு, அதாவது சுமார் ஒரு லிட்டர், பாட்டில் நாலாவது உள்ளே நிற்க வேண்டும், சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், அட்டவணையில் சொன்ன நேரம் அதற்குப் பொருந்தாது. சரி, குக்கர் பருப்புக்கே இருக்கட்டும்.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் நாள் தனியாக உண்டு. முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் தைத்துக் கொடுக்கிறார்கள். பாட்டி பழைய பருத்திச் சேலையை மடித்து ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், கை தானாக ஓடியது. வெளியே மைனஸ் 8, உள்ளே போர்வையை விரித்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி எட்டுப் பேர், ஊரில் யார் யாருடன் பேசுவதில்லை என்பது உட்பட எல்லாச் செய்தியும் அங்கேதான் கிடைக்கும். ஒரே இம்சை, செய்ததற்கெல்லாம் மணிக்கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தன்னார்வ நேரம் என்று கணக்கில் ஏற்ற. நான் இரண்டு மாதம் எழுத மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை பத்தரை என்றால் வேலைக்குப் போகிறவர் வரவே முடியாது, அதனால் கிளப்பில் அறுபதுக்குக் கீழே மூன்றே பேர். கார் இல்லாமல் நடக்காது. பனிக்காகப் பள்ளிகளை மூடினால் கூட்டமும் ரத்து என்பது எழுதாத சட்டம், எங்கள் கிளப்பில் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. வழுக்குகிற ரோட்டில் 40 நிமிடம் உருட்டிக்கொண்டு போய் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தொலைபேசிச் சங்கிலியில் என் எண்ணைச் சேர்க்க மறந்துவிட்டார்களாம். மன்னிப்பாக ஒரு பாட்டில் ஆப்பிள் பட்டர் (வெண்ணெய் இல்லை, ஆப்பிளைக் குழையக் காய்ச்சிய ஜாம் மாதிரி) வந்தது, அது நன்றாகவே இருந்தது.

இன்னொன்று, ஐம்பது வயதைத் தொடுபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1987இலிருந்து சினைப்பைப் புற்றுநோய்க்கான அல்ட்ராசவுண்ட் ஆய்வு நடக்கிறது, இந்தச் சங்கம் அதற்கு நிதி திரட்டிக் கொடுக்கிறது. ஐம்பது தாண்டியவர்களுக்கு இலவசம், குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் 25க்கு மேலேயே. எங்கள் கிளப்பில் கும்பலாக வேன் பிடித்துப் போவார்கள். ஆனால் இது ஓர் ஆராய்ச்சித் திட்டம். எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் வராத பெண்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்பதுதான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழுவின் பரிந்துரை, தேவையில்லாத அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடலாம் என்பதால். வேனில் இடம் இருக்கிறதே என்று ஏறாமல் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த ஒன்று நேரத்துக்கும் பன்றிக்கொழுப்புக்கும் பாதிப் பாதி. ஏப்ரல் கூட்டத்தை நடத்த வேண்டியது என் முறை, 18 பேருக்கு மிளகு ரசம் கேட்டிருக்கிறார்கள், காரம் எவ்வளவு போடலாம் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.