'சே' என்பதா, 'கிளெய்ம்' என்பதா?

ஆங்கிலச் செய்தியில் ஒருவரின் கூற்றை எடுத்துரைக்க 'சே' (say) என்ற வினையே போதுமானது. கூற்று உண்மையா பொய்யா என்பதில் அது தலையிடுவதில்லை. 'கிளெய்ம்' (claim) அப்படியன்று. உரக்கக் கூவுதலைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, உரிமை கோருதலைச் சுட்டிய அச்சொல், இன்று 'இவர் சொல்கிறார், ஆனால் நிறுவப்படவில்லை' என்ற ஐயத்தையும் சுமந்து வருகிறது.

குருநகர்க் கடற்றொழிலாளர் ஒருவர், இழுவைப் படகுகள் தம் வலைகளை அறுத்துவிட்டதாக முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கில ஏட்டுக்கு எழுதும் செய்தியாளர், அவருக்குக் 'கிளெய்ம்' என்றும், அதை மறுக்கும் அதிகாரிக்குச் 'சே' என்றும் இட்டால், கிழிந்த வலையைக் கையில் ஏந்தி நிற்பவரே ஐயத்துக்குரியவராகிவிடுகிறார். இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. தமிழில் 'தெரிவித்தார்', 'கூறிக்கொண்டார்' என்பவற்றுக்கிடையிலும் இதே இடைவெளி உண்டு.

விபத்து மூன்று உயிர்களைக் காவுகொண்டது என்பதற்கும், தாக்குதலுக்கு ஓர் இயக்கம் உரிமை கோரியது என்பதற்கும் 'கிளெய்ம்' பொருத்தமே. அங்கே 'சே' உதவாது. வாய்மொழியை எழுதும்போதோ, நான் 'சே' என்பதையே தேர்ந்து, சான்று எதுவும் இருந்தால் அதை அடுத்த வாக்கியத்தில் வைப்பேன்.