கோஹா: நான்கு ஆண்டுகளும் ‘கொ’ என்ற ஓர் எழுத்தும்

பாலக்கோட்டிலிருந்து டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: பள்ளி நூலகத்துக்கு மென்பொருளைப் புதிதாக எழுதி வாங்கலாமா, ஏற்கெனவே கிடைப்பதையே எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு நாள் போராடி எங்கள் நூலக மென்பொருளான கோஹாவை நேற்றுத்தான் சரிசெய்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. நாங்கள் முதலில் எழுதித்தான் வாங்கினோம். ஒரே நாளில் தேவைகளைக் குறித்துக்கொண்டு போனவர், மூன்று மாதம் கழித்து முடித்துக்கொண்டுதான் வந்தார். இடையில் ஒரு திரையைக்கூடக் காட்டவில்லை. தலைப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்தால் நாலாயிரம் புத்தகங்களும் குப்பை.

பிறகு கோஹா. அது வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. உரிமக் கட்டணம் கிடையாது. நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் நூலகங்களுக்கான பொது வடிவமான மார்க் 21-இல் தரவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஓசூர், தளிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது பெரிய விஷயம். இடைவேளையில் நாற்பது பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து முடிக்கிறேன்.

ஆனால் அந்தக் ‘கொ’! பாமினியில் கொம்பு ஒரு தட்டு, கால் இன்னொரு தட்டு. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறிகளுக்கு மாற்றியபோதும் அவை இரண்டு துண்டாகவே உட்கார்ந்துவிட்டன. விசைப்பலகையோ இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகத் தருகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடலுக்கோ இரண்டும் வேறு வேறு. ஆறாம் வகுப்புப் பெண் ‘கொக்கு’ என்று தேடினாள். ‘முடிவுகள் இல்லை’ என்றது. புத்தகம் அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டாம் தட்டில் இருந்தது. அவள் வெறுங்கையோடு வகுப்புக்குத் திரும்பியதை என்னால் மறக்க முடியவில்லை.

தேடல் அட்டவணையை, இரண்டு வடிவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் ஐசியூ (ICU) என்ற முறைக்கு மாற்றி முழுதாகக் கட்டினால் இது தீரும். அன்று தீர்த்தோம். இப்போது கணினியை மாற்றியதில் பழைய முறையே திரும்பிவிட்டது. நிறுவித் தந்த தம்பி பெங்களூருவில் வேலையில் இருக்கிறான். இரவு பத்து மணிக்குத்தான் போனை எடுக்க முடிகிறது.

மேலே புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் டீச்சர், கோஹா ஓடும் லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இல்லையென்றால் கோஹா வேண்டாம். எழுதியே வாங்குங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு திரை என்று உங்கள் மேசையில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லுங்கள். முதல் திரை தேடலாக இருக்கட்டும். அதில் ‘கொக்கு’ கிடைத்த பிறகு முதல் தவணைப் பணம் கொடுங்கள்.