அம்மாவின் காதலன் அடுத்த வாரமும் வீட்டில்தான் இருக்கிறான்: ‘லிவிங் வித் பிரான்’ தொடரும் அதைப் பார்த்தவர்களும்

மணவிலக்குப் பெற்ற தாய் ஒருத்தி, தன்னைவிடப் பல வயது குறைந்த இளைஞனைக் காதலித்து, அவனைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்து சேர்ந்து வாழ்கிறாள். படிப்பு குழம்பி வீடு திரும்பும் மூத்த மகன், அம்மாவின் காதலனுக்கும் தனக்கும் சில வயதுதான் வித்தியாசம் என்று அறிந்து திகைத்து நிற்கிறான். அமெரிக்காவின் ‘தி டபிள்யூபி’ அலைவரிசையில் 2005 ஏப்ரல் மாதம் தொடங்கி 2006 இல் நிறைவடைந்த ‘லிவிங் வித் பிரான்’ என்ற நகைச்சுவைத் தொடரின் கதை இவ்வளவே. இரண்டு பருவங்களிலும் சேர்த்து 26 அத்தியாயங்கள் மட்டுமே வெளிவந்த இந்தத் தொடரை, அது ஓய்ந்து நெடுங்காலம் சென்ற பின்னர், கொழும்பில் எனக்குத் தெரிந்த சில தமிழ்க் குடும்பங்கள் இணையத்தில் தேடிப் பார்த்தன. நானும் பார்த்தேன். பார்த்தவர்கள் சொன்ன கருத்துகள் தொடரைப் போலவே சுவையானவையாகவும், சில இடங்களில் தொடரைவிட ஆழமானவையாகவும் இருந்தன. ஆகவே அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது பெரிய தொடர் அன்று. ஆனால் தமிழில் நமக்குப் பழகிப்போன எந்த நாடகமும் செய்யத் துணியாத ஒன்றை இது செய்கிறது. பிள்ளை பெற்ற ஒரு பெண் தன்னைவிட இளையவனை விரும்பியதற்காக அவளை இது தண்டிப்பதில்லை.

நடிகர்களின் வயதைக் கணக்கிட்டால் இந்தக் கதையின் துணிச்சல் விளங்கும். தாயாக வரும் பிரான் டிரெஷர் 1957 இலும், காதலன் ரைலியாக வரும் ரயன் மெக்பார்ட்லின் 1975 இலும், மகன் ஜோஷாக வரும் பென் ஃபெல்ட்மன் 1980 இலும் பிறந்தவர்கள். காதலனுக்கும் தாய்க்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள் இருக்க, காதலனுக்கும் மகனுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் மூவரும் அமர்ந்திருக்கும்போது, யார் யாருக்கு உறவு என்று தெரியாத ஒருவர் உள்ளே வந்தால், இரண்டு ஆண்பிள்ளைகளோடு அம்மா இருக்கிறாள் என்றே நினைப்பார். தொடரின் நகைச்சுவையும், அதன் அடியிலுள்ள வலியும் இந்த மேசையிலிருந்துதான் பிறக்கின்றன.

நம்மவர்களுக்கு இந்தக் கதை முற்றிலும் புதியதன்று. 1975 இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற இளைஞன், ஸ்ரீவித்யா ஏற்ற மூத்த வயதுப் பாடகியை விரும்புகிறான். அவளுக்கும் வளர்ந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். வெள்ளவத்தையில் நான் பேசிய மூத்தவர்கள் அனைவருமே, அமெரிக்கத் தொடரின் முதல் அத்தியாயம் முடிவதற்குள் இந்தப் படத்தை நினைவுபடுத்தினார்கள். அந்தப் படம் அன்று காட்டிய துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆயினும் அதன் முடிவில் மகள் தாயிடமும் அந்த இளைஞன் தன் தந்தையிடமும் திரும்பிவிடுகிறார்கள், காதல் கைகூடுவதில்லை. கதை சோகமாக இருக்கும்போது அதற்கு ஒரு முடிவு வேண்டியிருக்கிறது, அந்த முடிவில் தாய் என்பவள் தாயாக மட்டுமே எஞ்சவேண்டியிருக்கிறது. வாராந்த நகைச்சுவைத் தொடரின் கட்டமைப்போ நேர்மாறானது. ஏறத்தாழ 22 நிமிடங்களில் ஒரு சிக்கல் எழுந்து தணிகிறது. அடுத்த வாரம் அதே வீடு, அதே வரவேற்பறை, அதே ஆட்கள். சண்டை வந்தாலும் சந்தேகம் வந்தாலும் ரைலி அடுத்த அத்தியாயத்தில் அந்த வீட்டில்தான் இருக்கிறான். ‘இந்த உறவு நிலைக்குமா, சரியா, பிழையா’ என்ற கேள்விக்குத் தொடர் நியாயம் பேசிப் பதில் சொல்லவில்லை. அவனைத் தொடர்ந்து வீட்டில் வைத்திருப்பதன் மூலமே பதில் சொல்கிறது. பார்வையாளரும் சில அத்தியாயங்களுக்குள் அவன் இருப்புக்குப் பழகிவிடுகிறார், ஜோஷ் பழகுவதற்கு முன்பே.

இப்போது பார்வையாளர்களிடம் வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரண்டு பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலி வீதிக்குப் பக்கத்தில் மாடிக்குடியிருப்பு ஒன்றில் தனியே வாழ்பவர், கடுமையாகக் கண்டிப்பார் என்று அவருடைய சொந்தக்காரர்களே எதிர்பார்த்தார்கள். அவருக்கு வயது வித்தியாசம் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அவருடைய ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது. “எழுத்தை முடிச்சுப்போட்டு வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கலாமே. அதுக்குப் பிறகு ஆர் என்ன சொல்ல ஏலும்?” என்றார். பதிவுத் திருமணம் ஒன்று நடந்திருந்தால் மீதி எல்லாம் அவருக்குச் சம்மதமே. பிள்ளைகள் தம் வாழ்க்கையைத் தேடிப் போன பிறகு தாய்க்கு ஒரு துணை வேண்டாமா என்று அவர் கேட்டபோது, அந்தக் கேள்வி திரையில் இருந்தவளைப் பற்றியது மட்டுமன்று என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

இளைஞர்கள் சிலர் வேறுவிதமாகப் பார்த்தார்கள். அவர்களுடைய பரிவு முழுவதும் ஜோஷின் பக்கம் இருந்தது. தன் வயதை ஒத்த ஒருவன் தன் அம்மாவோடு ஒரே அறையில் இருக்கிறான், வீட்டில் தனக்கு இருந்த இடம் போய்விட்டது, தானோ படிப்பிலும் தோற்றுத் திரும்பியவன். இத்தனையும் ஒரே நாளில் ஒருவன் தலையில் விழுந்தால் அவன் கோபப்படுவது நியாயமே என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தோடு நானும் உடன்படுகிறேன். உண்மையில் தொடரின் சிறந்த நடிப்பே பென் ஃபெல்ட்மனுடையதுதான். பிற்காலத்தில் ‘சூப்பர்ஸ்டோர்’ தொடரில் பலர் அறிந்துகொண்ட அந்தப் பதற்றமும், ஒன்றைச் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொள்ளும் பாணியும் இங்கேயே தெரிகின்றன. அம்மாவை அவன் வெறுக்கவில்லை. அவளுடைய மகிழ்ச்சியில் தனக்குப் பங்கில்லை என்று அஞ்சுகிறான். அந்த அச்சத்தை அவன் பகிடியாக மாற்றும் கணங்களில் தொடர் உச்சத்துக்குச் செல்கிறது.

மிகக் கூர்மையான விமர்சனம், மணவிலக்குக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி அலுத்தவர் அவர். பிள்ளைகளின் மனத்தாங்கல் இத்தனை விரைவில் தீர்வது பொய் என்றார். வீட்டுச் செலவை யார் பார்க்கிறார்கள், முன்னாள் கணவர் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார், புதியவன் வந்த பிறகு அந்த வீட்டில் எவருக்கு எந்த உரிமை என்பவையெல்லாம் உண்மையான வீடுகளில் தினமும் எழும் கேள்விகள் என்றும், தொடர் இவற்றின் அருகில் நின்று யோசிக்கவே இல்லை என்றும் அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. போர் ஏராளமான பெண்களை இளம் வயதிலேயே விதவைகளாக்கிய நாடு இது. இரண்டாவது துணை என்ற பேச்சை எடுப்பதற்கே அவர்களில் பலர் எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தத் தொலைக்காட்சி வீட்டின் இலகுவான தன்மை சற்று எட்டாததாகவே தோன்றும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் புரட்டினால், மறுமணம் தேடும் ஆண் தன்னைவிடப் பல வயது குறைந்தவளைக் கேட்பதை எவரும் வியப்போடு வாசிப்பதில்லை. மறுமணம் தேடும் பெண் தன்னைவிட இளையவனைக் கேட்டு விளம்பரம் கொடுத்ததாக நான் ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

தொடரின் குறைகளில் என்னை அதிகம் வருத்தியது, அது தன்னுடைய சொந்தத் துணிவையே நம்பாமல் போகும் இடங்கள்தான். வயதைப் பற்றிய பகிடிகள் அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன. ரைலி அந்தப் பெண்ணை அவளுடைய வயதோடு சேர்த்தே விரும்புகிறான் என்று காட்டிவிட்டு, மறுகணமே அவளுடைய வயதையே சிரிப்புப் பொருளாக்குவது முரண். வசனம் முடியுமுன்னே எழுகின்ற சிரிப்பொலியும் அந்த இடங்களில் உறுத்துகிறது. ரைலியின் பாத்திரமும் குறையுடையது. பொறுமைசாலி, அன்பானவன், அழகன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரிவதில்லை. அவனுக்கு என்ன பயம், தன் சொந்தக் குடும்பத்திடம் இந்த உறவை எப்படிச் சொன்னான், தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று அவன் நினைத்ததுண்டா என்ற கேள்விகளுக்குப் போதிய இடம் கொடுத்திருந்தால், அவன் பரிசுப் பொருளாக இல்லாமல் மனிதனாக நின்றிருப்பான். மிஸ்டி ட்ரேயா நடித்த மகள் அலிசனுக்கும் இதே கதிதான். அம்மாவின் காதலை அருகிலிருந்து பார்த்து வளரும் பதின்ம வயதுப் பெண்ணின் பார்வை எவ்வளவு வளமானது, அதை எழுத்தாளர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

முன்னாள் கணவர் டெட் வரும் காட்சிகளுக்குக் கொழும்பில் கிடைத்த வரவேற்பு தனியே குறிப்பிடத்தக்கது. அந்த வேடத்தில் நடிப்பவர் சார்ள்ஸ் ஷோனசி. 1993 முதல் 1999 வரை வெளிவந்த ‘த நனி’ தொடரில், இதே பிரான் டிரெஷரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணாக வேலைக்கு அமர்த்தி, பருவம் பருவமாகத் தயங்கி, இறுதியில் அவளைக் கைப்பிடித்த மெக்ஸ்வெல் ஷெஃபீல்ட் அவர்தான். அந்தத் தொடரை நேசித்தவர்கள் இருவரையும் மறுபடி ஒரே சட்டகத்தில் கண்டதும் கைதட்டினார்கள். பிறகு அவர் பிரிந்துபோன கணவராக வந்திருக்கிறார் என்பதில் சிலர் உண்மையாகவே மனம் நொந்தார்கள். எனக்கு இது மிகப் பொருத்தமான நடிகர் தேர்வாகப் பட்டது. பழைய கதையின் இன்பமான முடிவு நம் நினைவில் இருப்பதால், இந்த மணமுறிவை விளக்குவதற்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை. இருவரும் எதிரெதிரே நின்றாலே இழப்பின் அளவு தெரிந்துவிடுகிறது.

பிரான் டிரெஷரின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கால் இழுத்துப் பேசும் அந்த நியூயோர்க் குரல் சிலருக்குத் தலையிடி, சிலருக்கு அமுதம். ‘த நனி’ தொடரில் அந்தக் குரல் ஓர் அந்நிய வீட்டுக்குள் நுழைந்து அதன் அமைதியைக் கலைத்தது. இங்கே வீடே அவளுடையது என்பதால் அந்த மோதல் இல்லை. பழைய சேட்டைகள் சில அத்தியாயங்களில் காரணமின்றி மீண்டும் வருகின்றன. அவர் குரலைத் தாழ்த்தி மகனோடு நேராகப் பேசும் காட்சிகள் குறைவு, ஆனால் அவையே மனத்தில் நிற்கின்றன. தன்னைவிட இளைய ஒருவரோடு தாம் வாழ்ந்த காலத்தைப் பற்றி டிரெஷர் வெளிப்படையாகவே பேசியவர் என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்தக் காட்சிகளின் நிதானத்துக்குக் காரணம் விளங்குகிறது.

தொடர் நீடிக்காததற்கு அது வந்து சேர்ந்த இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘தி டபிள்யூபி’ பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் குறிவைத்த அலைவரிசை. அங்கே நாற்பதைக் கடந்த தாயின் காதல் கதைக்குத் தன் பார்வையாளர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். 2006 செப்டெம்பரில் அந்த அலைவரிசையே மூடப்பட்டு, ‘யூபிஎன்’ அலைவரிசையோடு சேர்ந்து ‘தி சிடபிள்யூ’ உருவாயிற்று. பின்னர் 2009 இல் ‘ஏபிசி’யில் தொடங்கிய ‘கூகர் டவுன்’ தொடரில், கோட்னி கொக்ஸ் நடித்த மணவிலக்குப் பெற்ற தாய் இளைய ஆண்களோடு பழகுவதாகத்தான் கதை ஆரம்பித்தது. விரைவிலேயே அதைக் கைவிட்டு நண்பர்கள் கூட்டத்தைப் பற்றிய தொடராக மாறி, 2015 வரை அது ஓடியது. கைவிட்டதால் அது வாழ்ந்தது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் எடுத்துக்கொண்ட பொருளை இறுதிவரை விடாமல் வைத்திருந்த சிறிய தொடரின் பக்கமே என் மதிப்பு சாய்கிறது.

பார்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். வசனங்கள் வேகமானவை, அமெரிக்க யூதக் குடும்பங்களில் புழங்கும் சொற்கள் இடையிடையே வரும். எழுத்துவரிகளைப் போட்டுப் பார்த்தால் பகிடிகள் தவறாது. படுக்கையறையைச் சுட்டும் பேச்சுகள் தாராளமாக உள்ளதால், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு ஏற்றதன்று. முதல் அத்தியாயத்திலிருந்தே வரிசையாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் ஜோஷின் மனம் மெல்ல மெல்ல இளகுவதுதான் இதில் உள்ள உண்மையான கதை. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்; கட்டாயம் பாருங்கள், முதலில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், பிறகு நீங்கள் நினைப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.