பழைய அமெரிக்க ஆண்டு மலர்களுக்குச் சந்தா கட்டலாமா?

அமெரிக்கப் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு காட்டும் தளங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றுக்குப் பணம் கட்டிப் பார்த்தேன். பெயர் வேண்டாம், விஷயம்தான் முக்கியம். யாரோ ஒருவருடைய பள்ளிக்கால முகம் வேண்டும், முழுப் பெயரும் ஊரும் கையில் இருக்கிறது என்றால் கட்டலாம், ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஒரு வகுப்பே சேர்ந்து என்னவாக ஆசைப்பட்டது என்று உட்கார்ந்து படிக்க நினைத்தால் மட்டும் யோசித்துக் கட்டுங்கள்.

எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது வகை. காரணம் மேட் என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகை. 1952இல் அதைத் தொடங்கிய ஹார்வி கர்ட்ஸ்மன், முதல் இதழிலிருந்தே அதில் வரைந்த வில் எல்டர், ஜான் செவரின், பிறகு வந்து பல பத்தாண்டுகள் வரைந்த அல் ஜாஃபி எல்லாருமே ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நியூயார்க்கின் ஹை ஸ்கூல் ஆஃப் மியூசிக் அண்ட் ஆர்ட். மேயர் லா கார்டியா 1936இல் ஆரம்பித்தது. 135ஆம் தெருவில், ஹார்லெம் பக்கத்து மேட்டில், கோபுரமும் கூரான ஜன்னலுமாகக் கோட்டை மாதிரி நிற்கும் கட்டடம், பிள்ளைகளே அதைக் கோட்டை என்றுதான் சொல்வார்களாம். வாசித்துக் காட்டியோ வரைந்து காட்டியோதான் அப்போது உள்ளே போக முடிந்தது, கட்டணம் கிடையாது, அரசுப் பள்ளி. ஐ லவ் நியூயார்க் சின்னத்தை வரைந்த மில்டன் கிளேசரும் அங்கே படித்தவர்தான். சரி, இவர்களெல்லாம் பின்னாளில் பெரிய ஆட்கள். அதே காலத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது படிப்பை முடித்தவர்கள், என்ன கனவோடு வெளியே போனார்கள்? அதைத் தேடித்தான் போனேன். இந்தப் பள்ளி மட்டுமில்லை, அந்தக் காலத்துக் கலைப் பள்ளிகள், சாதாரணப் பள்ளிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் புரட்டினேன்.

அந்தக் கால அமெரிக்க ஆண்டு மலர்கள் பலவற்றில் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே பெயர், எந்தெந்தக் குழுவில் இருந்தார், அப்புறம் லட்சியம் என்று ஒரு வரி இருக்கும். நம் ஸ்லாம் புக்கில் எழுதி வாங்குவோமே, கிட்டத்தட்ட அது, என்ன, அச்சில் ஏறிவிட்டதால் அழிக்க முடியாது. கேலியாக எழுதியவர்களும் உண்டு, மனதில் இருப்பதை அப்படியே எழுதியவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்த மலரிலேயே படிக்கத் தக்கது அந்த ஒரு வரிதான். தலைமையாசிரியர் செய்தியையும் நன்றியுரையையும் யார் படிப்பார்கள்?

போர்க்காலத்து வரிகளைப் படிக்கும்முன் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது. 1940இல் வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 21 வயதில்தான் ஆரம்பித்தது, ஆக அந்த வருடம் பள்ளியை முடித்த பையன் சாவகாசமாகவே கனவு காணலாம். 1942 நவம்பரில் வயதை 18 ஆக்கிவிட்டார்கள். 1943 ஜூனில் வெளியே வந்த பையனுக்குச் சான்றிதழும் ராணுவ அழைப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டு 1941 மலரையும் 1944 மலரையும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்து பாருங்கள். முதலாவதில் பையன்களும் பெண்களும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். இரண்டாவதில் பையன்கள் பக்கம் கடற்படை, விமானப்படை என்று நிரம்பியிருக்கும், பெண்கள் பக்கம் வயலினும் ஃபேஷன் ஓவியமும் மேடை அலங்காரமும் அப்படியே தொடரும். படங்களை மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் படித்தாலே பாதிக்கு மேல் யார் எது என்று சொல்லிவிடலாம்.

இசை படித்தவர்களுக்கு ராணுவம் மட்டும் தடை இல்லை. 1942 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவையே நிறுத்திவிட்டது, பெரிய கம்பெனிகளான ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் வழிக்கு வர 1944 நவம்பர் ஆனது. (பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால் பக்கவாத்தியம் இல்லாமல் வெறும் கோரஸை வைத்துப் பாடிப் பதிவு செய்தார்கள், கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.) தட்டு செய்யத் தேவையான அரக்குக்கும் பஞ்சம். புது பியானோ தயாரிப்பை அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது, பெயர்பெற்ற பியானோ கம்பெனியான ஸ்டைன்வேயின் தொழிற்சாலையில் ராணுவத்துக்குக் கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) பாகங்கள் செய்துகொண்டிருந்தார்கள். இந்தப் பின்னணியில் ஒரு பெண் பியானோ கலைஞர் ஆவேன் என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய தைரியம்! இதே பள்ளியில் 1941இல் முடித்த பெஸ் மையர்சனுக்கு ஒரு ஸ்டைன்வே வாங்க வேண்டும் என்று ஆசை. 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு வாரத்துக்குள், மிஸ் அமெரிக்கா போட்டியில் மேடையேறி வாசித்து ஜெயித்தார். 5,000 டாலர் கல்வி உதவித்தொகைதான் தன்னை இழுத்தது என்று பின்னால் சொன்னார். கடைசியில் அவரை ஊர் அறிந்தது டிவியிலும் நியூயார்க் நகர நிர்வாகத்திலும்தான், பியானோவில் இல்லை.

மையர்சனைப் பற்றி இன்னொன்று, இது இந்தத் தளத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. யூதப் பெயர் தெரியாமல் இருக்கட்டும் என்று போட்டியின்போது பெயரை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். அதனால் அவரைத் தேடுவது சுலபம். மற்றவர்கள் அப்படி இல்லை. வில் எல்டர் என்று அடித்தால் ஒன்றும் வராது, பள்ளியில் அவர் வுல்ஃப் ஐசன்பெர்க். அல் ஜாஃபி அப்போது ஏப்ரஹாம். ஜாஸ் டிரம்பெட் வாசித்த ஷார்ட்டி ராஜர்ஸ் மில்டன் ரஜான்ஸ்கி. இவர்கள் பெயர் மாற்றத்தை எங்கேயாவது படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் இவர்கள் பிரபலம். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயர் மாறிப்போன சாதாரணப் பெண்களை எந்த வழியில் கண்டுபிடிப்பது? தளம் முழுக்கப் பெயர்த் தேடலின் மேல் நிற்கிறது, அந்தத் தேடலில் முதலில் தொலைந்துபோவது அவர்கள்தான். போர்க்காலத்தில் தன் ஆசையை மாற்றாமல் எழுத முடிந்தது அவர்களால்தான் என்பதை நினைத்தால் கடுப்பாக இருக்கிறது.

தளத்தின் தேடலை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்தை இயந்திரம் படித்து எழுத்தாக்கியிருக்கிறது, படித்த லட்சணம் இருக்கிறதே! மலர்களின் தலைப்புகள் பெரும்பாலும் அலங்காரமான சாய்வெழுத்தில் இருக்கும், அவற்றை அது தொடுவதே இல்லை. பக்கத்துக்கு இரண்டு பத்தி என்றால் இடது பத்தியின் முதல் வரியையும் வலது பத்தியின் முதல் வரியையும் ஒட்டிவைத்து ஒரே வாக்கியமாக்கிவிடுகிறது. விளைவு, ஒரு பையனின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் லட்சியம். வயலின் என்று தேடினால் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வருவார்கள், வயலின் கலைஞர் ஆக விரும்பியவர்களைத் தனியாகப் பிரிக்க வழியே இல்லை. லட்சிய வரி என்று ஒன்று இருப்பதே தளத்துக்குத் தெரியாது. பெயர், பள்ளி, ஊர், வருடம், அவ்வளவுதான் கட்டங்கள்.

படத்தின் தரம் பரவாயில்லை ரகம். முழுப் பக்கமாகப் பார்த்தால் முகங்கள் அழகாகத் தெரியும். ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் கண், மூக்கு எல்லாம் கரைந்து அச்சுப் புள்ளிகளாகப் பிரிந்துபோகும். அது தளத்தின் குற்றம் இல்லை, மூல அச்சே புள்ளிகளால் ஆனது, எவ்வளவு நன்றாக ஸ்கேன் செய்தாலும் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? ஆனால் வேறொன்று பிடித்திருந்தது. ஸ்கேன் செய்தது யாரோ ஒரு பழைய மாணவரின் சொந்தப் பிரதி என்றால் கூடப் படித்தவர்களின் கையெழுத்துகளும் அப்படியே வந்திருக்கும். ஒரு பக்கத்தில் படத்தின் குறுக்கே பேனா மையில் நீளமாக ஒரு வாழ்த்து, அது லட்சிய வரியை முக்கால்வாசி மூடிவிட்டது, மிச்சம் தெரிவது கடைசி ஒரு சொல்தான். எரிச்சல்பட வேண்டிய விஷயம், எனக்கு என்னவோ அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் போனது.

இன்னொரு சிக்கல், சந்தா கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. அப்போது நியூயார்க் பள்ளிகளில் வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியேறினார்கள், ஜனவரியில் ஒரு கூட்டம், ஜூனில் ஒரு கூட்டம். இரண்டுக்கும் தனித்தனி மலர் இருக்கலாம். தளத்தில் வருடம் மட்டும்தான் போட்டிருக்கும். 1943 இருக்கிறதே என்று திறந்து, ஆள் இல்லை என்று மூடிவிடாதீர்கள், நீங்கள் பார்த்தது மற்ற கூட்டமாக இருக்கலாம்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், காசுக்கு மதிப்பான ஓர் இடம் இருக்கிறது. முகத்தின் மேல் சொடுக்கினால் அதே பெயரில் இருக்கும் மற்ற ஆவணங்களைத் தளமே எடுத்து நீட்டுகிறது. ராணுவப் பதிவு அட்டை வரும், அதில் உயரம், எடை, கண்ணின் நிறம் எல்லாம் இருக்கும். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரியும் வரும். இதுதான் தங்கம். அந்தக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு கட்டம் உண்டு. 1943இல் எழுதிய லட்சியத்தை இடது பக்கமும் 1950இல் கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்ன வேலையை வலது பக்கமும் வைத்துப் பார்க்கலாம். இடையில் ஏழு வருடம், ஒரு போர், அப்புறம் 1944 ஜூனில் வந்த ஜி.ஐ. சட்டம். திரும்பி வந்த சிப்பாய்க்கு வருடத்துக்கு 500 டாலர் வரை படிப்புச் செலவை அரசே கட்டியது, கைச்செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகையும் உண்டு. பிள்ளைக்கு ஓவியக் கல்லூரி எதற்கு என்று கேட்கும் வீடுகளில் அந்தச் சட்டம் எத்தனை வாயை அடைத்திருக்கும். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த வுல்ஃப் கான் 1945இல் இதே பள்ளியை முடித்தார், கடற்படைக்குப் போனார், அப்புறம் இந்தச் சட்டத்தின் பணத்தில்தான் ஓவியர் ஹான்ஸ் ஹோஃப்மனிடம் ஓவியம் படித்தார். ஒரு விதத்தில், அவர் கனவுக்குப் பணம் போட்டது ராணுவம்.

ஆனால் இந்த 1950 கணக்கெடுப்பை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமே 2022 ஏப்ரல் முதல் தேதி முதல் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது, பெயர் போட்டும் தேடலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் தளம் செய்யும் இணைப்பை நீங்களே செய்துகொள்ளலாம். மலர்களும் அப்படித்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏராளமான அமெரிக்க ஆண்டு மலர்களை நூலகங்களும் தனி ஆட்களும் ஏற்றிவைத்திருக்கிறார்கள், புத்தகம் மாதிரியே பக்கம் புரட்டலாம், முழு மலரையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். எல்லாப் பள்ளியும் கிடைக்காது. கிடைப்பதை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை நிம்மதியாகப் படிக்கலாம். என்னுடைய வேலைக்கு அதுதான் தோது. சந்தாத் தளத்தில் ஒவ்வொரு பக்கமும் ஏறுவதற்குள் முந்தைய பக்கத்தில் யார் என்னவாக ஆசைப்பட்டார் என்பதே மறந்துவிடுகிறது.

மதிப்பெண் கேட்டால், பெயர் தேடுகிறவர்களுக்கு ஐந்தில் நாலு, என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்றரை ஆவணங்களை இணைத்துக் காட்டுவதற்கு. கட்டுவதென்றால் இலவச இடங்களில் முதலில் தேடி, கிடைக்காத பள்ளிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். வேண்டிய பக்கங்களை அன்றன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள், சந்தா முடிந்தால் மூடிய கதவுதான். தானாகப் புதுப்பிக்கும் பொத்தானைப் பணம் கட்டிய கையோடு அணைத்துவிடுங்கள், அமைப்புகளில் மூன்று பக்கம் உள்ளே ஒளித்துவைத்திருக்கிறார்கள்.